எண் போட்ட சேர்க்கைப் பொருள்களா, தட்டில் உள்ள மொத்த உணவா: எதை முதலில் பார்ப்பது?

பிறைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவில், பினாங்கின் பிறையில் மாமனார், மாமியாரோடு கூட்டாக வாழும் குடும்பம். பிள்ளைகள் இருவரும் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். மாமனாருக்கு இரத்த அழுத்தத்திற்கும் இனிப்பு நீருக்கும் (நீரிழிவு) அரசாங்கக் கிளினிக்கில் மருந்து தருகிறார்கள். அண்மைய பரிசோதனையில் இரண்டும் கூடியிருந்ததால், மருந்தின் அளவை உயர்த்துவதற்கு முன் உணவைச் சரிசெய்து பார்க்குமாறு மருத்துவர் கூறியிருக்கிறார். உணவில் எதைச் சரிசெய்வது என்பதில்தான் எங்கள் வீட்டில் கருத்து ஒன்றுபடவில்லை.

என் நாத்தனார் கடையில் வாங்கும் ஒவ்வொரு பொட்டலத்தின் பின்புறத்தையும் படித்து, ஆங்கில 'ஈ' (E) எழுத்தோடு எண் போட்ட சேர்க்கைப் பொருள் எதையும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்கிறார். அஜினோமோட்டோவும் சாயமும் கெடாமல் வைக்கும் மருந்தும் நீங்கிவிட்டால், வீட்டில் சமைப்பதை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்பது அவருடைய எண்ணம். என் கணவரோ, 'யாங் டிபெனார்கான்' என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள், சட்டம் அனுமதித்த பொருளுக்கு நாம் ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்கிறார்.

மாமனாரின் ஒரு நாள் உணவைச் சொல்லிவிடுகிறேன். காலையில் பசியாற, கெட்டிப்பால் கலந்த தேநீரோடு ரொட்டி சானாய் அல்லது நாசி லெமாக். மதியம் தட்டு நிறைய வெள்ளைச் சோறு, குழம்பு, கருவாடு, ஊறுகாய், அப்பளம், ஓரத்தில் சிறிது கீரை. மாலையில் மீண்டும் கெட்டிப்பால் தேநீர், முறுக்கு. இரவில் பெரும்பாலும் மாமாக் கடை மீ கோரிங் (வறுத்த நூடுல்ஸ்). பிள்ளைகளுக்குச் சிவப்புச் சிரப் தண்ணீரும் பாக்கெட் மீயும் பிடிக்கும். சௌராஸ்தா சந்தைப் பக்கம் போனால் ஜெருக் (ஊறவைத்த பழத்துண்டு) கேட்பார்கள். எங்களிடம் நேரமும் பணமும் அளவாகவே இருப்பதால், எதில் முதலில் கை வைத்தால் மாமனாருக்கும் பிள்ளைகளுக்கும் உண்மையான பயன் கிடைக்கும் என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். அஜினோமோட்டோதான் இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறதா என்பதையும் தெளிவுபடுத்துங்கள்.


புக்கிட் மெர்தாஜாம் தரப் பரிசோதகர் எழுதியது:

வணக்கம் சகோதரி. உணவுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில் எண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மருத்துவம் பற்றி அதை அறிந்தவர்கள் சொல்லட்டும்.

எண் போட்டிருப்பதே ஆபத்தின் அடையாளம் என்று நினைக்க வேண்டியதில்லை. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமினின் எண் 100, வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பிக் அமிலத்தின் எண் 300, சோயாவிலிருந்து எடுக்கும் லெசித்தினின் எண் 322. நம் நாட்டில் 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டமும் அதன்கீழ் வந்த 1985ஆம் ஆண்டின் உணவு ஒழுங்குமுறைகளும், எந்தப் பொருளை எந்த வகை உணவில் எந்த அளவு வரை சேர்க்கலாம் என்பதை வரையறுக்கின்றன. அந்த அளவுகளுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. விலங்குகளுக்குத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தும் தீங்கு தென்படாத மிகக் கூடிய அளவை எடுத்துக்கொண்டு, வழக்கமாக அதை 100ஆல் வகுத்து, ஒருவர் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொண்டாலும் பாதகமில்லை என்று கருதத்தக்க அளவை நிர்ணயிக்கிறார்கள்.

அஜினோமோட்டோவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கேடா கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து பிரித்துக் காட்டிய குளுட்டமேட்தான் அதன் சுவைக்குக் காரணம். தக்காளியிலும் நெத்திலியிலும் பெலாச்சான் என்ற இறால் விழுதிலும் அது இயல்பாகவே இருக்கிறது. சாதாரண உப்பின் எடையில் ஏறக்குறைய 39 விழுக்காடு சோடியம். அஜினோமோட்டோவின் எடையில் அது ஏறக்குறைய 12 விழுக்காடு. ஆகவே அதிலும் சோடியம் உண்டு என்றாலும், இரத்த அழுத்தத்தை ஏற்றும் பெரும்பங்கு சமையலில் நாம் தாராளமாகப் போடும் உப்பிலிருந்தும் சோயா சாஸிலிருந்தும்தான் வருகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் குளுட்டமேட்டுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 30 மில்லிகிராம் என்ற நாளளவை வகுத்ததோடு, சிலர் அந்த அளவைத் தாண்டுகிறார்கள் என்றும் சொன்னது. அதனால் கரண்டி கரண்டியாக அள்ளிப் போடலாம் என்று நான் சொல்லவில்லை.

பொட்டலத்தைப் படிக்கும் பழக்கம் மிகவும் நல்லது. ஆனால் எண்களைத் தேடுவதற்கு முன் பட்டியலின் முதல் மூன்று பெயர்களைப் படிக்குமாறு உங்கள் நாத்தனாரிடம் சொல்லுங்கள். எடையில் எது மிகுதியோ அதுவே முதலில் எழுதப்பட வேண்டும் என்பது விதி. கோதுமை மாவு, பாமாயில், சீனி என்று தொடங்கும் ஒரு பண்டத்தில் இறுதியில் வரும் எண்ணை நீக்கிவிட்டாலும் அது மாவும் எண்ணெயும் சீனியுமாகவே இருக்கும்.


செந்தூல் அம்மா எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். 'அஜினோமோட்டோ சேர்க்கப்படவில்லை' என்று முகப்பில் போட்ட நொறுக்குத் தீனிகள் விலை கூடுதலாக இருக்கின்றன. பின்புறம் திருப்பிப் பார்த்தால் ஈஸ்ட் சாறு சேர்த்திருப்பார்கள். அதிலும் குளுட்டமேட் இருக்கிறது. உப்பின் அளவும் பெரும்பாலும் குறைந்திருப்பதில்லை. அந்தக் கூடுதல் பணத்துக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுக்கலாம்.


ஆயர் ஈத்தாம் ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

தரப் பரிசோதகர் ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் 'அனுமதிக்கப்பட்டது' என்ற சொல்லோடு பேச்சை முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு நீண்ட காலம் பாடம் நடத்தியவள் என்பதால் இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு, சில செயற்கை நிறங்களையும் சோடியம் பென்சோயேட்டையும் கலந்த பானத்தைக் குடித்த சிறுவர்களில் ஒரு பகுதியினருக்குத் துடுக்குத்தனம் சற்றுக் கூடுவதாகக் காட்டியது. விளைவு சிறியது, எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே மாதிரி தெரியவும் இல்லை என்பது உண்மைதான். ஆயினும் 102, 104, 110, 122, 124, 129 ஆகிய ஆறு நிறங்களில் எதைச் சேர்த்தாலும், பிள்ளைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் அது பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை அட்டையில் அச்சிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் விதித்தது. வெள்ளை நிறத்துக்குப் போடும் டைட்டானியம் டை ஆக்சைடை அதே ஒன்றியம் 2022இல் உணவிலிருந்து விலக்கியது. எரித்ரோசின் எனப்படும் சிவப்புச் சாயத்துக்குத் தந்திருந்த அனுமதியை அமெரிக்கா 2025 ஜனவரியில் திரும்பப் பெற்றது. நேற்றுவரை அனுமதிக்கப்பட்டது இன்று விலக்கப்படுகிறது என்றால், வளரும் பிள்ளைகளின் உணவில் தேவையற்ற சாயத்தைத் தவிர்க்கும் தாயை அளவுக்கு மீறி அஞ்சுகிறவள் என்று சொல்லிவிட முடியாது.

அனுமதியே இல்லாத பொருள்கள் என்று இன்னொரு வகை இருக்கிறது; நமக்கு அதுதான் அருகில் இருக்கிறது. மஞ்சள் மீயும் மீன் உருண்டையும் மொறுமொறுப்பாகவும் கெடாமலும் இருக்கப் போரிக் அமிலத்தைச் சேர்ப்பது நம் நாட்டில் சட்டவிரோதம். துணிக்குப் போடும் ரோடமின் பி என்ற இளஞ்சிவப்புச் சாயத்தையும் உணவில் சேர்க்கக் கூடாது. இப்படிப்பட்டவை எந்த அட்டையிலும் எழுதப்படுவதில்லை; எடை போட்டு விற்கும் மீக்கு அட்டையே கிடையாது. 1988இல் பேராக்கில் லோ ஷீ ஃபன் மீயைச் சாப்பிட்ட 13 சிறுவர்கள் இறந்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சே முதன்மைக் காரணம் என்று விசாரணைகள் காட்டின. போரிக் அமிலத்தின் பெயரும் அதில் அடிபட்டது. எஸ். எம். முகமது இட்ரிஸ் 2019இல் மறையும்வரை தலைமையேற்று நடத்திய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், இத்தகைய கலப்படங்களைப் பற்றி இடைவிடாமல் எழுதியும் பேசியும் வந்திருக்கிறது. அந்த உழைப்பின் பயனாகத்தான் இன்று நாம் அட்டையையாவது திருப்பிப் படிக்கிறோம். சந்தேகம் எழுந்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுங்கள். கடையை மாற்றிக்கொள்வதால் உங்கள் வீடு மட்டுமே தப்பும்.

ஜெருக்கைப் பற்றியும் ஒரு சொல். பளீரென்ற பச்சையும் சிவப்பும் ஏறிய பழத்துண்டில் சாயமும் சீனியும் உப்பும் சேர்ந்தே இருக்கும். உலர்த்திய பழ வகைகளில் சல்ஃபைட் சேர்ப்பதும் உண்டு. பிள்ளைகளில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் சல்ஃபைட் இழுப்பைத் தூண்டக்கூடும் என்பதால், 220 முதல் 228 வரையான எண்களை அட்டையில் தேடிப் பார்ப்பது அவசியம்.


கோலாலம்பூர் உணவியலாளர் எழுதியது:

வணக்கம். நீங்கள் மாமனாரின் ஒரு நாள் உணவை முழுமையாக எழுதியது மிகவும் உதவியாக இருக்கிறது. ஏனெனில் உங்கள் கேள்விக்கான பதில் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

காலைத் தேநீரிலிருந்து தொடங்குவோம். ஒரு மேசைக்கரண்டிக் கெட்டிப்பாலில் ஏறக்குறைய 10 கிராம் சீனி இருக்கிறது. ஒரு குவளைக்கு இரண்டு கரண்டி என்று வைத்தால், காலையும் மாலையுமாகத் தேநீரிலேயே 40 கிராம் ஆகிவிடுகிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர் கூடுதலாகச் சேர்க்கும் சீனி 50 கிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும், 25 கிராமுக்குக் கீழ் இருந்தால் மேலும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இனிப்பு நீர் உள்ளவருக்கு இந்தத் தேநீரைவிட அவசரமான பொருள் உங்கள் பட்டியலில் வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது உப்பு. அதே நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது. 2017, 2018 ஆண்டுகளில் நடந்த தேசிய ஆய்வு ஒன்று மலேசியர்கள் சராசரியாக 7.9 கிராம் உண்பதாகக் கண்டது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே தட்டில் அமர்ந்து, இரவில் சோயா சாஸ் ஊற்றிய மீ கோரிங்கும் சேரும்போது உங்கள் மாமனார் அந்தச் சராசரியையும் தாண்டியிருப்பார் என்றே கருதுகிறேன். அந்த ஊறுகாயையும் அப்பளத்தையும் உங்கள் மாமியாரே வெயிலில் காயவைத்துச் செய்திருக்கலாம். ஒரு எண்கூட அவற்றில் இல்லாதிருக்கலாம். ஆனால் இரத்தக் குழாய்க்கு உப்பு எங்கே தயாரானது என்ற வேறுபாடு கிடையாது. உங்கள் நாத்தனார் உணவைக் கவனித்துப் பார்ப்பதை நான் மதிக்கிறேன். எண் இல்லாத வீட்டு உணவை எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம் என்ற இரண்டாவது பகுதிதான் மாமனாருக்கு ஊறு செய்யும்.

மூன்றாவதாக, தட்டில் இல்லாதவற்றைப் பாருங்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நம் இந்தியச் சமூகத்தில் அந்த விழுக்காடு மற்ற இனத்தவரைவிடக் கூடுதல். அதே ஆய்வில் 95 விழுக்காட்டுப் பெரியவர்கள் போதிய காய்கறி, பழம் உண்ணவில்லை என்பதும் தெரிந்தது. சேர்க்கைப் பொருள்களைப் பற்றி நாம் பேசும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கையாவது இந்த இரண்டாவது எண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். சுகாதார அமைச்சு பரப்பிவரும் 'சுக்கு சுக்கு செபாரு' தட்டில் கால் பங்கு சோறு அல்லது மாவுணவு, கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு போன்றவை, பாதித் தட்டு காய்கறியும் பழமும். உங்கள் மாமனாரின் தட்டில் ஓரமாகக் கிடக்கும் கீரை பாதித் தட்டுக்கு வர வேண்டும், சோறு கால் பங்குக்குச் சுருங்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. கங்கோங், முருங்கைக்கீரை, பயற்றங்காய், வெண்டைக்காய், தெம்பே, துவரம்பருப்பு எல்லாம் நாம் பழகிய விலையில் கிடைப்பவை.

இப்போது ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். அமெரிக்காவில் கெவின் ஹால் குழுவினர் 2019இல் வெளியிட்ட சோதனையில், 20 பேருக்கு இரண்டு வாரம் மிகையாகப் பதனிட்ட தொழிற்சாலை உணவையும், இரண்டு வாரம் இயல்பான உணவையும் கொடுத்தார்கள். இரண்டிலும் முன்னால் வைத்த கலோரி, சீனி, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவை சமமாக இருந்தும், தொழிற்சாலை உணவுக் காலத்தில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டு, ஏறக்குறைய 0.9 கிலோ எடை கூடினார்கள். எனவே பதனிட்ட உணவைக் குறைப்பதில் பொருள் இருக்கிறது. ஆனால் விரைவாக விழுங்கிவிடக்கூடிய மென்மையும், சிறு அளவிலேயே நிறைய கலோரி அடங்கியிருப்பதும் அதற்குக் காரணமாக இருக்கக்கூடும். எண் போட்ட பொருள்களைத் தனியாகப் பிரித்து அந்தச் சோதனை ஆராயவில்லை.

பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2024இல் வந்த மற்றோர் ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்கச் சுகாதாரப் பணியாளர்கள் 114,000 பேருக்கு மேற்பட்டோரை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்து பார்த்தபோது, மிகையாகப் பதனிட்ட உணவை மிகுதியாக உண்டவர்களிடையே இறப்பு 4 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பின்னர் அவர்களை மொத்த உணவுத் தரத்தின்படி பிரித்துப் பார்த்தார்கள். காய்கறி, பழம், முழுத்தானியம், பருப்பு, கொட்டை ஆகியவை தாராளமாக இருந்த உணவு முறை எந்தப் பிரிவிலும் பாதுகாப்பாகவே நின்றது. ஒரே தரத்தில் உண்பவர்களுக்கிடையே பதனிட்ட உணவின் அளவு உண்டாக்கிய வேறுபாடு பெரும்பாலும் தேய்ந்துபோனது. இறைச்சியைக் கொண்டு செய்த தயார் உணவுகளும் சீனிப் பானங்களும் மற்றவற்றைவிடக் கூடுதல் தீங்கோடு தொடர்புபட்டிருந்தன. உணவை மாற்றிக் கொடுக்காமல், பின்தொடர்ந்து மட்டும் பார்த்த ஆய்வு என்பதால் இதுவே காரணம் என்று அறுதியிட முடியாது. ஆனால் எதை முதலில் பார்ப்பது என்ற வரிசைக்கு இது போதுமான வழிகாட்டி.

ஆசிரியை அம்மா சொன்ன சாயத்தை நான் ஒதுக்கவில்லை. சிவப்புச் சிரப்பில் பழம் கிடையாது. சீனித் தண்ணீரைப் பழம்போலத் தோன்றச் செய்யவே சாயம் சேர்கிறது. சிரப்பை நிறுத்தினால் சீனியும் சாயமும் ஒன்றாகவே போய்விடும். சாசேஜ், நகெட் போன்றவற்றுக்கும் இதுவே பொருந்தும். பதனிட்ட இறைச்சியைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வைத்தது. நாளொன்றுக்கு 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 விழுக்காடு உயர்வதாக அது கணக்கிட்டது. நைட்ரைட் என்ற சேர்க்கைப் பொருள் மெய்யாகவே கவலைக்குரிய இடம் அதுதான். மாறாக, முழுக்கோதுமை ரொட்டியில் எண்ணெயையும் நீரையும் பிரியாமல் வைக்கும் ஓர் எமல்சிஃபையர் எண் இருப்பதாலும், சார்டின் டின்னில் ஒரு கெட்டிப்படுத்தும் பொருள் இருப்பதாலும் அவற்றை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் வீட்டு முறுக்கை வைத்தால் நட்டம் பிள்ளைகளுக்குத்தான்.

பாக்கெட் மீயை ஒரேயடியாக நிறுத்த முடியாவிட்டால், மசாலாப் பொட்டலத்தில் பாதியை மட்டும் போட்டு, ஒரு முட்டையும் ஒரு கைப்பிடிக்கு மேல் சாவிக் கீரையும் சேர்த்துக் கொடுங்கள். சூப்பை மிச்சம் வைக்கச் சொல்லுங்கள்.


பிறைவாசி எழுதியது:

எல்லாருக்கும் மனம் நிறைந்த நன்றி. இதை நாத்தனாருக்கும் கணவருக்கும் படித்துக் காட்டினேன். தேநீர், கருவாடு, சோற்றின் அளவு என்ற வரிசையில் தொடங்குவது என்றும், சிரப்பை வீட்டில் வாங்குவதில்லை என்றும் இருவருமே ஒத்துக்கொண்டார்கள். இரண்டு ஐயங்கள் மட்டும் மீதம் இருக்கின்றன. மாமனாரின் தேநீருக்கு அஸ்பார்டேம் இனிப்பு மாத்திரையைப் போடலாமா? பேரங்காடியில் 'சோடியம் குறைந்த உப்பு' ஒன்று பார்த்தேன். அதை வாங்கினால் கருவாட்டையும் ஊறுகாயையும் அவர் வழக்கம்போலச் சாப்பிடலாமா? அவர் இரத்த அழுத்தத்திற்குப் பெரிண்டோப்ரில் மாத்திரை எடுத்துக்கொள்கிறார்.


கோலாலம்பூர் உணவியலாளர் எழுதியது:

அஸ்பார்டேமைப் புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம் என்ற பிரிவில் மேற்சொன்ன புற்றுநோய் ஆய்வு முகமை 2023இல் சேர்த்தது. அதே நேரத்தில், உணவுச் சேர்க்கைப் பொருள்களை மதிப்பிடும் கூட்டு நிபுணர் குழு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 40 மில்லிகிராம் என்ற பழைய நாளளவை மாற்றத் தேவையில்லை என்றது. தேநீருக்கு ஓரிரு மாத்திரை போடுவது அந்த அளவுக்கு வெகு கீழே நிற்கும். கெட்டிப்பாலிலிருந்து இறங்கிவரும் மாதங்களுக்கு அதைத் துணையாகக் கொண்டு, இனிப்பைப் படிப்படியாகக் குறைத்துவரச் சொல்லுங்கள். கெட்டிப்பாலுக்குப் பதில் சீனி சேர்க்காத பாலை ஊற்றினால் தேநீரின் குணம் ஓரளவு நிற்கும்.

உப்பைப் பற்றிக் கேட்டதற்கு மிக்க நன்றி. மருந்தின் பெயரையும் எழுதியது இன்னும் நல்லது. சோடியம் குறைந்த உப்பில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு, அதாவது 508 என்ற எண் கொண்ட சேர்க்கைப் பொருள். சீனாவின் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு பக்கவாதத்தை 14 விழுக்காடு குறைத்தது. ஆக, எண் போட்ட ஒரு பொருள் பலருக்கு நன்மையே செய்கிறது. ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், பெரிண்டோப்ரில் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே கூடியிருக்க வாய்ப்புண்டு. அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இனிப்பு நீர் நெடுநாளாக இருப்பவருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஆகவே அந்த உப்பை இப்போது வாங்க வேண்டாம். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, சிறுநீரகச் செயல்பாட்டையும் பொட்டாசியத்தையும் காட்டும் இரத்தப் பரிசோதனை முடிவை மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும் வாங்குங்கள். வாங்கினாலும் அது குழம்புக்கும் பொரியலுக்கும்தான். கருவாட்டிலும் ஊறுகாயிலும் ஏற்கெனவே ஊறியிருக்கும் உப்பு அதனால் குறையாது என்பதால், அவற்றை அன்றாடத் தட்டிலிருந்து எடுத்து வாரத்தில் ஒரு வேளைக்கு மட்டும் சிறு துண்டாக வையுங்கள். கருவாட்டைச் சமைக்கும் முன் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புளியும் பூண்டும் மிளகும் கூட்டினால் உப்புக் குறைந்தது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது.